பச்சை அட்டை என்னும் பெயர்



காவியங்களைப் பற்றியும் சாஸ்திரங்களைப் பற்றியும் பெரும் புலவர்கள் பேசிச் சென்ற இந்த நூலக ஆண்டு விழா மேடையில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் அட்டையைப் பற்றி இன்று மாலை பேச முற்படுகிறேன். அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சர்க்கார், தன் மண்ணில் நிலையாக வசிக்க அனுமதி பெற்ற அந்நிய தேசத்தாருக்கு வழங்கும் அட்டை அது. கிரீன் கார்டு என்று சொன்னால் இம்மண்டபத்தில் அறியாதவர் எவருமிலர். பெண் பார்க்கப் போகும் இடத்தில் அது பேசப்படுகிறது. ஜாதகப் பொருத்தத்துக்கு அடுத்தபடியாக அது விசாரிக்கப்படுகிறது. அது கைக்கு வர வேண்டுமென்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்ட தாய்மார்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இவ்வளவு புகழ் பெற்ற அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அட்டையின் முகப்பைப் பாருங்கள். பச்சை என்ற சொல் அங்கே அச்சிடப்பட்டிருக்காது. இன்று அதற்கு வழங்கும் முறையான பெயர் 'நிரந்தர வசிப்பாளர் அட்டை' என்பது. அதற்கு முன் பல்லாண்டுக் காலம் சர்க்கார் ஆவணங்களில் அதற்கு இருந்த பெயரோ 'அந்நியர் பதிவு ரசீது அட்டை' என்பது. ரசீது! ஆம், நண்பர்களே, இலட்சக்கணக்கானோர் கனவு காணும் அந்த அட்டை ஒரு ரசீதாகத்தான் பிறந்தது. எதற்கு ரசீது? யார், எந்த அச்சத்தால், யாருக்குக் கொடுத்த ரசீது? சந்தேகத்தின் அடையாளமாகப் பிறந்த காகிதம் பாதுகாப்பின் அடையாளமாக எவ்வாறு மாறிற்று? இக்கேள்விகளே இன்றைய என் உரைக்கு விஷயம்.

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். மனிதன் ஒருவன் ஒரு தேசத்தில் நியாயமாக வசிக்கிறான் என்பதற்கு அவனே ஒரு காகிதத்தைச் சுமந்து திரிய வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் எல்லோர் விஷயத்திலும் ஒரே சமயத்தில் எழுந்ததன்று. அது முதலில் சீனர்மேல் ஏவப்பட்டது. மேற்குக் கரையின் சுரங்கங்களிலும், மலைகளைக் குடைந்து தண்டவாளம் இட்ட இருப்புப் பாதை வேலையிலும் சீனத் தொழிலாளர் உழைத்தனர். உழைப்பு வேண்டியிருந்த வரையில் அவர்கள் வேண்டப்பட்டனர். வேலை குறைந்து, வெள்ளைத் தொழிலாளரின் காழ்ப்பு வளர்ந்தபோது, 1882-ஆம் ஆண்டில் அவர்கள் வருகையையே தடுக்கும் சட்டம் பிறந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1892-இல், கியரி சட்டம் என வழங்கும் மற்றொரு சட்டம் வந்தது. ஏற்கெனவே அந்நாட்டில் வசித்துக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர் ஒவ்வொருவரும் தம் பெயரைப் பதிந்து, வசிப்புச் சான்றிதழ் ஒன்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அது விதித்தது.

சான்றிதழ் இல்லாமல் அகப்பட்டால் என்ன கதி? நாடு கடத்தல். நோயினாலோ விபத்தினாலோ பதிவு செய்ய இயலாமற் போயிற்று என்று ஒருவன் முறையிடலாம். ஆனால் சட்டம் பிறந்த காலத்திலேயே தான் அங்கே வசித்தவன் என்பதை நிலைநாட்ட, நம்பத்தக்க வெள்ளையர் ஒருவரையேனும் சாட்சியாக நிறுத்த வேண்டும். சீனரின் சாட்சியம் சீனருக்கு உதவாது என்று சட்டமே எழுதி வைத்தது! இதை அவர்கள் பொறுத்துக்கொண்டார்களா? இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் இருந்த சீன சங்கத்தார் ஒருவரும் பதிய வேண்டாம் என்று அறைகூவினர். மிகப் பெரும்பாலோர் அதற்குக் கட்டுப்பட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1893-ஆம் ஆண்டு மே மாதத்தில் தீர்ப்பு வந்தது; நீதிபதிகளில் ஐவர் சட்டம் செல்லும் என்றனர், மூவர் செல்லாது என்றனர். அந்த மூவரின் மறுப்புரை எவ்வளவு வன்மையுடையதாயினும், சட்டம் ஐவர் பக்கமே நின்றது. அவ்வாண்டின் இறுதியில் சான்றிதழில் நிழற்படமும் ஒட்டப்பட வேண்டும் என்ற விதி சேர்ந்தது. பெயர், எண், படம், வசிப்புக்கு ஆதாரம் என இன்றைய அட்டையில் காணும் அங்கங்கள் பலவும் அன்றைய சீனரின் சான்றிதழிலேயே உருவாகிவிட்டன என்பதைக் கவனியுங்கள்.

ஆயினும் பிற தேசத்தாருக்கு அப்படிப்பட்ட கட்டாயம் நெடுங்காலம் இருக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர் நியூயார்க் துறைமுகத்தில் ஆராயப்பட்டு, உள்ளே விடப்பட்டால், அத்துடன் விஷயம் முடிந்தது. அவர் பெயர் கப்பலின் பயணிகள் ஏட்டில் இருக்கும், அவர் கையில் ஒன்றும் இராது. 1928-ஆம் ஆண்டு முதல், புதிதாகக் குடியேற வருவோருக்கு அடையாள அட்டை ஒன்று கொடுக்கும் வழக்கம் தொடங்கிற்று. ஆனால் அதற்கு முன் வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. தெருவில் நடக்கும் மனிதனை நிறுத்தி, நீ பிரஜையா அந்நியனா என்று கேட்டு, காகிதம் காட்டச் சொல்லும் வழக்கம் தங்கள் தேசத்துக்கு ஒவ்வாதது என்று அமெரிக்கர் பலர் பெருமை பேசிய காலம் அது.

அந்தப் பெருமை எப்போது குலைந்தது? 1940-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். அம்மாதத்தின் நாட்களை நினைவுகூருங்கள். ஜூன் 14-இல் ஜெர்மானியப் படைகள் பாரிஸ் நகருக்குள் புகுந்தன. 22-இல் பிரான்சு பணிந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. உலகத்தின் மாபெரும் சேனைகளுள் ஒன்று ஆறு வாரங்களில் சிதறிப்போன அதிசயத்துக்குக் காரணம் தேடியவர்கள், உள்ளிருந்தே பகைவனுக்கு உதவிய துரோகிகள்தாம் அதைச் செய்தார்கள் என்று நம்பத் தொடங்கினர். ஸ்பெயின் தேசத்து உள்நாட்டுப் போரில் பிறந்து, 'ஐந்தாம் படை' என்று நம் தமிழிலும் வேரூன்றிவிட்ட சொல், அன்று அமெரிக்கப் பத்திரிகைகளின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒலித்தது. நம்மிடையே எத்தனை அந்நியர் இருக்கிறார்கள், அவர்கள் எங்கே வசிக்கிறார்கள், எந்தச் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. அதுகாறும் தொழில் இலாகாவின் கீழ் இருந்த குடியேற்ற நிர்வாகம், அதே ஜூன் மாதத்தில் நீதி இலாகாவுக்கு மாற்றப்பட்டது. அந்நியன் என்பவன் தொழிலைப் பற்றிய விஷயமாக இருந்த நிலை மாறி, காவலைப் பற்றிய விஷயமாக ஆகிவிட்டான் என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு சான்று வேண்டுமோ?

ஜூன் 28-ஆம் நாள், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அந்நியர் பதிவுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதை முன்மொழிந்த வர்ஜீனியா மாகாணத்து உறுப்பினரின் பெயரால் ஸ்மித் சட்டம் என்றும் அதைச் சொல்வர். அச்சட்டத்துக்கு இரண்டு முகங்கள். அரசாங்கத்தைப் பலாத்காரத்தால் கவிழ்க்க வேண்டுமென்று பிரசாரம் செய்வதைக் குற்றமாக்கியது ஒரு முகம். பின்னாளில் பொதுவுடைமைக் கட்சியின் தலைவர்கள் சிறை சென்றது அதனால்தான். மற்றொரு முகமே நமக்கு இன்று வேண்டியது: பதினான்கு வயது நிரம்பிய அந்நியர் ஒவ்வொருவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும்.

எங்கே பதிவது? தபால் நிலையத்தில்! ஆகஸ்ட் 27-இல் தொடங்கி டிசம்பர் 26-இல் முடிந்த அந்த நான்கு மாத காலத்தில், அமெரிக்காவின் தபால் நிலையங்களின் முன் ஏறத்தாழ 50 இலட்சம் மக்கள் வந்து நின்றார்கள். நாற்பது ஆண்டுகள் அங்கேயே உழைத்து, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அமெரிக்கப் பிரஜைகளாகப் பெற்றெடுத்து, பிரஜா உரிமை விண்ணப்பம் எழுத மட்டும் மறந்துபோன இத்தாலியக் கிழவர்களும், ஹிட்லரிடமிருந்து உயிர் பிழைத்து ஓடிவந்த யூதர்களும், வயல்களில் பழம் பறிக்கும் மெக்ஸிகோக்காரர்களும் ஒரே வரிசையில் நின்று மை தடவிய விரல்களைப் பதித்தார்கள். அவர்களுக்குப் பின்னர் தபாலில் வந்து சேர்ந்தது ஒரு சிறு அட்டை. அதன் படிவ எண் ஏ.ஆர்.-3. அதுதான் ரசீது.

அந்த ரசீது என்ன உரிமையைக் கொடுத்தது? ஒன்றும் இல்லை! 'நீ சட்டப்படி பதிந்தாய்' என்பதற்கு மேல் அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முறைப்படி குடியேறியவனுக்கும் அதே ரசீதுதான். எல்லை தாண்டி ஒளிந்து வந்தவனுக்கும் அதே ரசீதுதான். ஆறு மாதத்தில் திரும்பிச் செல்ல வந்த விருந்தாளிக்கும் அதே ரசீதுதான். அந்த அட்டை பச்சை நிறமும் அன்று. ஆனால் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்ட பதிவு எண் மட்டும் வாழையடி வாழையாக வந்துகொண்டிருக்கிறது. இன்று கிரீன் கார்டு வைத்திருக்கும் உங்கள் உறவினர் அட்டையில் 'ஏ' என்ற எழுத்துடன் தொடங்கும் எண்ணைப் பாருங்கள். 1940-இல் ஐந்தாம் படைக்கு அஞ்சித் தொடங்கிய வரிசையின் தொடர்ச்சிதான் அது.

இங்கே நம்மவர் ஒருவரை நினைக்காமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. வானியல் மேதை சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-ஆம் ஆண்டு முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெர்க்ஸ் வான் ஆய்வு நிலையத்தில் பணியாற்றி வந்தார். நட்சத்திரங்களின் பரிணாமத்தை ஆராய்ந்த அம்மேதைக்கும் 1940-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பொருந்தியதே. அதைக் காட்டிலும் வியப்பான செய்தி ஒன்று உண்டு: அவர் விரும்பியிருந்தாலும் அன்று அமெரிக்கப் பிரஜை ஆகியிருக்க முடியாது. ஏன்? இந்தியர் 'வெள்ளையர்' என்ற சொல்லில் அடங்கமாட்டார், ஆகவே பிரஜா உரிமைக்குத் தகுதியற்றவர் என்று 1923-ஆம் ஆண்டில், பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் திண்ட் யார்? முதல் உலகப் போரில் அமெரிக்கச் சேனையின் உடுப்பை அணிந்தவர்! இரண்டாம் போர்க் காலத்தில், பிரஜையாகத் தகுதியற்றவர் என்று சட்டம் சொன்ன சந்திரசேகரோ, மேரிலாந்திலுள்ள அபர்டீன் இராணுவ ஆய்வு நிலையத்தில் அந்நாட்டின் போர்ப் பணிக்குத் தம் கணித அறிவை ஈந்துகொண்டிருந்தார். 1946-ஆம் ஆண்டில்தான் அந்தத் தடை நீங்கிற்று. இந்தியருக்குப் பிரஜா உரிமை திறக்கப்பட்டது. ஆண்டொன்றுக்கு 100 இந்தியர் குடியேறலாம் என்றும் விதிக்கப்பட்டது. நூறாயிரமன்று, ஆயிரமன்று, நூறே பேர்! சந்திரசேகர் 1953-இல் அந்நாட்டுப் பிரஜையானார்; நோபல் பரிசு 1983-இல் வந்தது.

இனி நம் அட்டைக்கு வருவோம். போர் முடிந்தது, பதிவு முடியவில்லை. நிர்வாகம் ஒரு முறை உண்டாக்கிவிட்டால் அதை எளிதில் கைவிடுவதில்லை அல்லவா? தபால் நிலையத்தில் நடந்த பதிவு இப்போது துறைமுகத்திலேயே, ஒருவன் நாட்டுக்குள் காலடி வைக்கும்போதே நடந்தது. அப்போதுதான் ஒரு முக்கியமான மாறுதல் வந்தது. எல்லோருக்கும் ஒரே ரசீது என்ற நிலை போய், வந்தவன் எதற்காக வந்தான் என்பதைப் பொறுத்து வெவ்வேறு படிவங்கள் கொடுக்கப்பட்டன. சுற்றிப் பார்க்க வந்தவனுக்கு ஒன்று. குறிப்பிட்ட காலத்துக்கு உழைக்க வந்தவனுக்கு மற்றொன்று. நிலையாக வாழ வந்தவனுக்கு ஐ-151 என்ற எண்ணுடைய ஒரு சிறு அட்டை. அந்த ஐ-151, நண்பர்களே, அதுதான் பச்சை நிறமாக இருந்தது.

ஆயினும் நிறம் ஒன்றே ஒரு பொருளுக்குப் பெயராகிவிடுமா? ஆகாது. அந்நிறத்துக்கு மதிப்பு வந்த வேளை ஒன்று உண்டு. 1950-ஆம் ஆண்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. கொரியாவில் போர், ஊரெங்கும் பொதுவுடைமை பற்றிய பீதி. அந்தப் பீதியின் குழந்தை அச்சட்டம். அதையொட்டி, 1940-இல் கொடுத்த பழைய ரசீதுகள் இனிச் செல்லா என்றாயிற்று. பழைய ரசீது வைத்திருப்பவன் புதிய பச்சை அட்டையாக அதை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் முறைப்படி குடியேறினேன் என்று நிரூபித்தவனுக்கே மாற்றித் தரப்படும். நிரூபிக்க இயலாதவன் கதி வழக்கும் வெளியேற்றமும். ஒரே இரவில் என்று சொல்லத் தகும்படி, பச்சை அட்டைக்கு அதுவரை இல்லாத மகத்துவம் உண்டாயிற்று. போலீஸ்காரனுக்கு அதைக் காட்டினால் மறு கேள்வி இல்லை. வேலைக்கு எடுக்கும் முதலாளிக்கு அதைக் காட்டினால் தயக்கம் இல்லை. 'அந்நியர் பதிவு ரசீது அட்டை' என்று வாய் வலிக்கச் சொல்வதற்கு யாருக்குப் பொறுமை இருக்கும்? அட்டையை வைத்திருந்தவனும், அதைப் பார்த்த அதிகாரியும், அதற்கு ஏங்கிய அயலானும் கண்ணில் பட்ட நிறத்தையே பெயராகச் சொன்னார்கள். சட்டம் இட்ட பெயர் காகிதத்தில் தங்கிற்று. ஜனங்கள் இட்ட பெயர் நாவில் நின்றது.

பெயர் நின்றது, நிறம் நின்றதா? அதுவும் சுவையான கதை. மதிப்புள்ள காகிதத்துக்குப் போலி பிறப்பது உலக இயற்கை. பச்சை அட்டைக்குக் கள்ள அச்சடிப்போர் கிளம்பினார்கள். அவர்களை முந்துவதற்காகச் சர்க்கார் அட்டையின் அமைப்பை மாற்றிக்கொண்டே இருந்தது. 1977-க்குள் பதினேழு அமைப்புகள்! 1964-இல் அட்டை வெளிர் நீலமாயிற்று, பின்பு கருநீலமாயிற்று. 1977-இல் யந்திரங்களே படிக்கக்கூடிய குறிகளுடன் ஐ-551 என்ற புதிய அட்டை வந்தது. அதன் பின் இளஞ்சிவப்பும் நீலமும் கலந்த நிறங்களும் வந்து போயின. 1986-ஆம் ஆண்டில் ரீகன் ஜனாதிபதியாக இருந்தபோது வந்த சட்டம், முறையின்றி வாழ்ந்திருந்த சுமார் 27 இலட்சம் பேருக்கு நிரந்தர வசிப்புக்கு வழி திறந்தது. அதே சட்டம், வேலைக்கு அமர்த்தும் ஒவ்வொருவனும் தொழிலாளியின் ஆவணத்தைச் சோதிக்க வேண்டும் என்றும் விதித்தது. சோதனை மிகுந்தது, போலியும் மிகுந்தது, பாதுகாப்புக் குறிகளும் மிகுந்தன. இவ்வளவு மாறுதலுக்கிடையிலும், நீல அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே மக்கள் அதைப் பச்சை அட்டை என்றார்கள். இளஞ்சிவப்பு அட்டையையும் பச்சை அட்டை என்றார்கள். இறுதியில் சர்க்காரே தோற்றது. 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட புதிய அட்டையைப் பச்சை நிறத்திலேயே அச்சிட்டு, ஜனங்களின் சொல்லுக்கு ஏற்ப ஆவணத்தைத் திருத்திக்கொண்டது.

இதுகாறும் பெயரின் கதை. அந்தப் பெயர் சுட்டும் பொருள் என்ன? நம் பத்திரிகைகள் பல சமயம் அதை 'நிரந்தரக் குடியுரிமை' என்று எழுதிவிடுகின்றன. அது பிழை, சாதாரணப் பிழையன்று, குடும்பங்களை இடருக்குள்ளாக்கக்கூடிய பிழை. குடியுரிமை என்பது பிரஜா உரிமை. இந்த அட்டை தருவதோ வசிப்புரிமை. அட்டை பெற்றவர் அந்நாட்டில் எங்கும் வசிக்கலாம். எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். ஒரு கம்பெனியை விட்டு மற்றொன்றுக்குப் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டுவதில்லை. தம் மனைவியையோ கணவரையோ, மணமாகாத மக்களையோ வரவழைக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் தாய் தந்தையரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்க இயலாது. அந்த உரிமை பிரஜைக்கே உண்டு. ஜனாதிபதியையோ பிரதிநிதி சபையையோ தேர்ந்தெடுக்கும் வாக்கும் அட்டை பெற்றவருக்கு இல்லை. கையிலிருக்கும் பாஸ்போர்ட் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான்.

உரிமை பாதியாயினும் கடமை முழுமையானது. உலகில் எங்கே வருமானம் வந்தாலும், மயிலாப்பூர் வீட்டு வாடகையாயினும் தஞ்சாவூர் பாங்கிலுள்ள வைப்புத் தொகையின் வட்டியாயினும், அமெரிக்க வரிக் கணக்கில் அதைக் காட்டியாக வேண்டும். பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையிலான ஆண்மக்கள் போர்ப் பணிப் பட்டியலுக்கு உட்பட்டவர்கள். பதினெட்டு வயது கடந்தவர் அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. சீனர்மேல் அன்று சுமத்திய சுமையின் நிழல் இன்னும் முற்றும் நீங்கிவிடவில்லை என்பதை இதனால் அறியலாம்.

'நிரந்தரம்' என்ற அடைமொழியையும் சற்று ஆராய வேண்டும். அட்டை பத்தாண்டுகளில் காலாவதியாகிறது. அப்படியானால் அது எவ்வாறு நிரந்தரமாகும் என்று கேட்பவர் உண்டு. நிலத்தின் பட்டாக் காகிதம் செல்லரித்துப் போனால் நிலம் அரித்துப் போவதில்லை. அவ்வாறே, அட்டையின் ஆயுள் முடிந்தாலும் அது குறிக்கும் தகுதி முடிவதில்லை. புதிய அட்டைக்கு மனுச் செய்துகொள்ளலாம். மணமாகி இரண்டாண்டு நிறையாத நிலையில், துணைவர் வாயிலாக அட்டை பெற்றவருக்கு மட்டும் முதலில் இரண்டாண்டுக்கே நிபந்தனையுடன் அது வழங்கப்படுகிறது. பொய்க் கலியாணங்களைத் தடுக்க 1986-இல் ஏற்படுத்திய ஏற்பாடு அது.

ஆனால் அட்டையில் இன்னும் பல ஆண்டு ஆயுள் இருக்கும்போதே தகுதி அழிந்துபோகவும் கூடும்! அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு சென்னையிலோ கோவையிலோ ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால், முன்கூட்டி மறு நுழைவு அனுமதி பெறாமல் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்துவிட்டால், 'நீர் எங்கள் நாட்டில் வசிக்கும் எண்ணத்தைக் கைவிட்டீர்' என்று அதிகாரி கருத இடமுண்டு. பேரக் குழந்தையைப் பார்க்க ஆண்டுக்கொரு முறை விமானம் ஏறினால் போதும், அட்டை கெடாது என்று நம்பியிருக்கும் முதியோர் இதனைச் செவிக்கொள்ள வேண்டும். குற்றம் புரிந்தவரை நாடு கடத்தவும் அந்நாட்டுச் சட்டத்துக்கு அதிகாரம் உண்டு. நிரந்தரம் என்பதற்குச் சட்டம் தரும் பொருள், 'முடிவு நாள் குறிக்கப்படாதது' என்பது. 'முடிவே இல்லாதது' என்பதன்று.

அப்படியாயின் ஏன் இத்தனை ஏக்கம்? அதற்கும் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், ஜனாதிபதி ஜான்சன், நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவியின் சிலையடியில் அமர்ந்து ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். ஐரோப்பியருக்கே பெரும்பங்கு என்றிருந்த பழைய முறை அதனால் ஒழிந்தது. நம் மருத்துவர்களும் பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் பெருந்தொகையாக அங்கே செல்ல வாயில் திறந்தது அன்றுதான். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் வழியாக ஆண்டுக்கு 1,40,000 பேருக்கு இடம் வகுத்தது. ஆனால் எந்த ஒரு தேசத்தாரும் நூற்றுக்கு ஏழு விகிதத்துக்கு மேல் பெறலாகாது என்றும் வரம்பு கட்டிற்று. சமத்துவமாகத் தோன்றுகிறதல்லவா? சிறு தீவுக்கும் ஏழு விகிதம், நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் பாரதத்துக்கும் ஏழு விகிதம்! அதன் பயனாக, ஹெச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் சென்ற நம் பிள்ளைகள் பத்தாண்டுக்கும் மேலாக வரிசையில் நிற்கிறார்கள். தேசம் என்றால் இங்கே பிரஜா உரிமை பெற்ற தேசமன்று, பிறந்த தேசம். சேலத்தில் பிறந்தவர் ஆஸ்திரேலியப் பிரஜையாகிவிட்டாலும் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். மாதந்தோறும் அந்நாட்டு வெளிவிவகார இலாகா வெளியிடும் விசா புல்லட்டின் என்னும் அறிக்கையில், வரிசையின் தேதி நகர்ந்து தம் பிரையாரிட்டி டேட்டை, அதாவது வரிசையில் தம் இடத்தைக் குறிக்கும் தேதியை, எட்டிற்றா என்று பார்ப்பது அவர்களுக்கு அமாவாசைத் தர்ப்பணம் போல் தவறாத நியமமாகிவிட்டது. குழந்தைப் பருவத்தில் பெற்றோருடன் சென்ற மக்களுக்கு இருபத்தொரு வயது நிறைந்துவிட்டால், பெற்றோரின் மனுவில் அவர்களுக்கிருந்த இடமே பறிபோகும் துயரமும் உண்டு. கிரீன் கார்டு என்னும் சொல்லுக்கு நம் வீடுகளில் இவ்வளவு கனம் ஏறியதற்கு அதன் பச்சை காரணமன்று, காத்திருப்பே காரணம்.

பிற தேசங்களைச் சிறிது நோக்குவோம். ஜெர்மனி 2000-ஆம் ஆண்டில் கணினி வல்லுநர்களை அழைக்க ஒரு திட்டம் வகுத்து, அதற்கும் கிரீன் கார்டு என்றே பெயர் சூட்டிற்று. ஆனால் அது ஐந்தாண்டுகளுக்கு உட்பட்ட அனுமதியே. பெயரை இரவல் வாங்கலாம், பெயருக்குப் பின்னுள்ள பொருளை இரவல் வாங்க இயலாது என்பதற்கு அது தக்க உதாரணம். பின்னர் 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் கொடியின் நிறத்தை எடுத்து நீல அட்டை என்றது. சிங்கப்பூரில் பிரஜைகளின் அடையாள அட்டை இளஞ்சிவப்பு. நிரந்தரவாசியின் அட்டை நீலம். மலேசியாவில் பிரஜைக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு, அங்கே பச்சை அட்டையோ தற்காலிகவாசிக்கு உரியது! அமெரிக்காவில் எந்த நிறத்துக்கு மக்கள் ஏங்குகிறார்களோ, அதே நிறம் மலேசியாவில் நிலையின்மையின் அடையாளம்.

அந்தச் சிவப்பு அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவது முறையாகாது. மலாயாவில் அடையாள அட்டைகள் பிறந்தது 1948-இல், பொதுவுடைமைப் போராளிகளுக்கு எதிராக ஆங்கில ஆட்சியினர் அவசர நிலையைப் பிரகடனம் செய்த காலத்தில். பாருங்கள், அங்கும் தாய் அச்சமே! ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து, அந்த மரங்களையே கீறி, அங்கேயே முதுமையடைந்த தமிழர் பலர், பிறப்புச் சான்று போன்ற காகிதங்கள் இல்லாமையாலும், உரிய காலத்தில் விண்ணப்பம் எழுதித்தர ஆளில்லாமையாலும், பிரஜையாகாமல் சிவப்பு அடையாள அட்டையுடனேயே நின்றுவிட்டனர். அவர்களைப் பொறுத்தவரை நிரந்தர வசிப்பு என்பது வந்து சேர்ந்த கரையன்று. பிரஜா உரிமைக்குப் போகும் வழியில் அடைபட்ட வாயில். ஒரு குடும்பம் கொண்டாடும் தகுதியையே மற்றொரு குடும்பம் குறையாகச் சுமக்கிறது. ஏன் இந்த வேற்றுமை? முன்னவருக்கு அடுத்த படி திறந்திருக்கிறது. அமெரிக்காவில் ஐந்தாண்டுகள் முறையாக வசித்தால் பிரஜா உரிமைக்கு மனுச் செய்யலாம். பின்னவருக்கு அடுத்த படி தலைமுறைக் கணக்கில் மூடிக் கிடந்தது.

ஆகவே, அன்பர்களே, நான் இதுவரை சொல்லி வந்ததன் சாரம் இதுதான். பதிவு என்னும் காரியத்தை ஒவ்வொரு தேசமும் அச்சத்தினால் தொடங்குகிறது. அந்நியனை எண்ணவும், குறிக்கவும், வேண்டியபோது வெளியேற்றவுமே முதற் காகிதம் அச்சாகிறது. ஆனால் எழுதப்பட்ட காகிதத்துக்கு ஒரு குணம் உண்டு. அது எழுதியவனையும் கட்டிப்போடும். 'நீ இங்கே இருக்கிறாய் என்று நான் அறிவேன்' என்று சர்க்கார் எழுதிக் கொடுத்த ரசீதே, நாளடைவில், 'நீ இங்கே இருப்பதை நான் ஒப்புக்கொண்டேன்' என்னும் சாசனமாயிற்று. அவ்வாறு ஆக்கியது சட்டத்தின் கருணையன்று; பதினான்கு வயதுப் பெண்ணிலிருந்து பல்லுப்போன கிழவர் வரையில் அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து, உழைத்து, வரி கொடுத்து, வழக்காடி, தம் இருப்புக்கு மதிப்புத் தேடிக்கொண்ட எளிய மக்களின் பொறுமை.

இம்மண்டபத்தில் உள்ள இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை உங்களுள் சிலர் அந்த அட்டையைப் பெறக்கூடும். பெறும்போது அது எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பதைச் சட்ட வாசகத்திலேயே படித்துத் தெளியுங்கள். கலியாணப் பந்தலில் கேட்ட செய்தியை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ளாதீர்கள். மற்றவர் இங்கேயே இருப்பீர்கள். நம் ஊர்களுக்கும் வெளியிலிருந்து மக்கள் வருகிறார்கள். கட்டடம் கட்டுகிறார்கள், ஆலைகளில் உழைக்கிறார்கள், அடைக்கலம் தேடியும் வந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய பேச்சு எழும்போது, நம் பிள்ளைகளை அயல்நாட்டார் எந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அதே அளவுகோலை எடுத்துக்கொள்வோம். வெளியே கேட்கும் நியாயத்தை வீட்டிலும் வழங்கும் ஜனசமூகத்துக்கே அதைக் கேட்கும் தகுதி முழுமையாக உண்டு.